எனக்கே தெரியாத என் சம்பளம்

என் தம்பி ஒரு கம்பெனி நடத்துகிறான். வீட்டு மாடிகளில் சோலார் பலகை மாட்டிக் கொடுக்கும் கம்பெனி. அதற்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டுமாம். ஆறு வருஷத்துக்கு முன்பு வலியசாலையில் எங்கள் வீட்டு அடுக்களைக்கே வந்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். நான் எட்டாம் கிளாஸோடு நின்றவள். எந்தக் காகிதமானாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆடிட்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர், "டைரக்டரம்மா, காபி ஆச்சா?" என்றுதான் கேட்பார்.

போன வருஷம் தம்பியும் அவன் மனைவியும் பிரிந்தார்கள். யார் பேரில் தப்பு என்று நான் எழுதப் போவதில்லை. அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண் அம்மாவோடு இருக்கிறாள். அத்தை என்றால் அவளுக்கு உயிர். குழந்தையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மாதச் செலவு கேட்டு, தம்பி மனைவி குடும்பக் கோர்ட்டில் மனுக் கொடுத்தாள். தம்பியோ, கம்பெனியில் தனக்குப் பதினைந்தாயிரம்தான் சம்பளம், மூவாயிரத்துக்கு மேல் முடியாது என்று எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலை சாப்பிட வந்தவனை நான் விடவில்லை.

"புதுக் கார் வாங்கினியேடா?"

"அது கம்பெனி காராக்கும், அக்கா."

"இருக்கற ஃப்ளாட்டு?"

"வாடகை கம்பெனி கொடுக்கறது."

"கையில இருக்கற ஃபோன்?"

"அதுவும் கம்பெனிதான்."

"அப்போ திங்கற தோசை மட்டுந்தான் உன் பேர்ல வருமா?"

சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டான். சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு ரோஷமே கிடையாது.

கோர்ட்டில் கவுன்சலிங்குக்கு நாள் குறித்தபோது, இன்னொரு டைரக்டரான நானும் வரட்டும் என்று தம்பி மனைவியின் வக்கீல் கேட்டிருந்தார். "ஆபீஸ் காரியமெல்லாம் நான்தான் பாக்கறேன்னு சொன்னாப் போரும், கேட்டோ அக்கா" என்றான் தம்பி. எதற்கு என்று புரியவில்லை. போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன். பிள்ளையாரே, எனக்குப் பேசத் தெரியாது, குழந்தைக்குக் கெடுதலாக ஒரு வார்த்தை வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கவுன்சலர் மலையாளத்துப் பெண்மணி. கம்பெனிக் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "மாசம் நாற்பத்தஞ்சாயிரம் சம்பளம் உண்டல்லோ. எந்தாணு சேச்சிக்கு ஜோலி?" சேச்சி என்றால் அக்கா; கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்கிறார்.

"யாருக்குச் சம்பளம்?"

"சேச்சிக்கு."

தம்பியைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டைரக்டராக்கினபோதே என் பேரில் பாங்கில் ஒரு கணக்கும் திறந்தானே, அதன் புத்தகமும் கார்டும் அவனிடம்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இவனுக்குத் தோசை வார்த்துப் போடறதுதாம்மா ஜோலி" என்றேன். "இவ்வளவு சம்பளம்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு சட்னியா அரைச்சிருப்பேன்."

கவுன்சலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தம்பி மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரிந்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியதை என் பேருக்குப் பின்னால் அல்லவா ஒளித்து வைத்திருக்கிறான்.

"என் பேர்ல வர்ற பணம்னா நான் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாமில்லையா? அதை அப்படியே குழந்தைக்கு எழுதிக்கோங்கோ" என்றேன்.

"அக்கா, அது உன் பணமில்லை" என்றான் தம்பி, அவசரமாக.

"பின்னே ஆருடெ? யாருடைய பணம்?" என்று கேட்டார் கவுன்சலர்.

அவன் கணக்குக் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். அதற்கு மேல் யாரும் அவனை ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாதம் இருபதாயிரம், பள்ளிக்கூட ஃபீஸ் தனி என்று சாயந்திரத்துக்குள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தான்.

அதன்பிறகு இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள், நான் டைரக்டர் பதவியை ராஜினாமா செய்வதாக அவனே எழுதிய காகிதத்தோடு வந்து நின்றான்.

"ஃபீஸ் கட்டின ரசீதைக் காட்டு முதல்ல" என்றேன்.

முறைத்தான். ஆனாலும் ஃபோனை எடுத்து நீட்டினான். குழந்தையின் பேர், நாலாம் கிளாஸ், முழு வருஷத்துக்கும் கட்டியிருந்தான். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டேன்.