கக்கிய சாமி

சுனாமிக்குப் பிறகு, வீராம்பட்டினத்து நிவாரணக் கொட்டகை. சி.டி. கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண், டி.வி. வாடகைக்குக் கொண்டுபோன நான், பாய் நிறையப் பிள்ளைகள், கடைசியில் ஒரு மீனவர். காதில் பற்றவைக்காத பீடி. பக்கத்தில் துண்டை விரித்து, யாரையும் அங்கே உட்கார விடவில்லை.

பொம்மைப் படம் என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். கிரேக்க நாட்டுக் கதையாம். ஒரு சாமி, தான் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கொட்டகையே அலறியது. நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாத தம்பி. அப்புறம் இன்னா பண்றான்னு பாக்கணும்" என்றார் மீனவர்.

கடைசியில் சாமி எல்லாரையும் உயிரோடு கக்கியது.

"எத்தினி பேரு?"

"அஞ்சுண்ணே. முழுங்குனது அத்தனையும்."

"அவனே தேவலாம்" என்று கடல் பக்கம் காறித் துப்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு விசாரித்தேன். கடல் கொண்டுபோன அவர் பிள்ளைகள் மூன்று.