ஆறப் பொறுக்காத புட்டிங்

கஸ்டர்டைக் கிண்டிய கையோடு டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். புட்டிங்கை ஆற வைத்து, இறுகவிட்டு, தட்டில் கவிழ்த்த பிறகுதான் தொட முடியும். சமையல் புத்தகங்கள் வேறு ஏதாவது சொல்லலாம். நாமக்கல்லில் முட்டை லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு இந்த வித்தியாசம்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் கேரளாவுக்கு லோடு ஓட்டியவர். அங்கே ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் முட்டைப் புட்டிங் சாப்பிட்டுவிட்டு வந்து, "நம்மூட்டுல இல்லாத முட்டையா? அதாட்டம் ஒண்ணு பண்ணு புள்ள" என்றார். பண்ணலாம்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வருவதே பண்ணையில் அடுத்த லோடு ஏறுகிற நேரத்தில். குளித்துச் சாப்பிட்டுக் கண் அயர்வதற்குள் போன் வந்துவிடும். சர்க்கரையைக் கருக்கி, முட்டையை அடித்துப் பாலில் கலந்து, இட்லிப் பானையில் ஆவிக்கு வைத்து இறக்கினால், "வண்டி நிக்குது புள்ள, போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டுவார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இவர் பொறுப்பார், லாரி பொறுக்காது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் தின்றார்கள்.

அதனால் கஸ்டர்டு. பாக்கெட் பொடியைப் பாலில் கரைத்துக் காய்ச்சினால் முடிந்தது. அதில் முட்டையே கிடையாது. முட்டை லாரி ஓட்டுகிறவருக்கு முட்டையில்லாத இனிப்பா என்று எனக்கு ஆத்திரமாக வரும். கட்டி தட்டாமல் கிண்டவேண்டும் என்பதால் அடுப்பை விட்டு நகர முடியாது. அவரும் பக்கத்திலேயே நிற்பார். அவர் இல்லாத நாட்களில் சேர்த்து வைத்ததையெல்லாம், மாமியார் சண்டையிலிருந்து மகன் டியூஷனுக்கு மட்டம் போட்டது வரை, அங்கே கொட்டிவிடுவேன்.

போன வருஷம் இடுப்பு வலி தாங்காமல் லாரியை விட்டு இறங்கிவிட்டார். முதல் வேலையாகப் புட்டிங் செய்தேன். ஆசை தீர ஆறவிட்டு மறுநாள் கவிழ்த்தேன். ஒரு விரிசல் இல்லை. சாப்பிட்டார், "நல்லாருக்குது" என்றார், டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் இதற்காகவா ஏங்கினோம் என்று தட்டைக் கழுவப் போட்டேன்.

சில நாள் கழித்து அவரே கேட்டார்.

"ஏம்புள்ள, கஸ்டர்டு காச்சேன்."

"ஏனுங்க, புட்டிங்கு புடிக்கலீங்களா?"

"அதுக்கில்ல. கஸ்டர்டு காச்சறப்பத்தான் நீ எங்கூட நல்லாப் பேசுவே."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அதுதான் விருந்தாக இருந்திருக்கிறது. நானோ கஸ்டர்டு ஒப்புக்குச் சப்பாணிதானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிண்டியிருக்கிறேன்.

பாலை அடுப்பில் வைத்தேன். நிற்க முடியாது என்பதால் பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பால் கெட்டியாகிக்கொண்டு வந்தது.

"ஏதாச்சும் சொல்லு புள்ள" என்றார்.

நானும் தேடிப் பார்த்தேன். அவருக்குத் தெரியாததாக ஒன்றும் அகப்படவில்லை. நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறார்.