பெயர் எழுதாத இரண்டு குமிழ்கள்

செகந்திராபாத் பக்கம் உப்பலில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை வரைவதுதான் என் பிழைப்பு. எந்தக் குமிழ் எதற்கு என்று கொட்டை எழுத்தில் போடாமல் ஒரு பலகையும் என் மேசையைத் தாண்டாது. வீட்டில் மட்டும் எனக்குப் பெரிய கலைஞன் என்று நினைப்பு. மாடுலர் சிந்தசைசர் செய்துகொண்டிருந்தேன். ஒயர்களால் இணைத்து ஒலி உண்டாக்கும் பெட்டிகள். கடைசியாகச் செய்த பெட்டியின் முகப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. கறுப்புத் தகட்டில் ஒரே மாதிரி இரண்டு குமிழ்கள்: ஒன்று சுருதியை இழையளவு நகர்த்தும், மற்றது ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டும். பெயராவது எழுதக் கூடாதா என்று மனைவி கேட்டாள். என்னைத் தவிர யார் தொடப்போகிறார்கள் என்று மடக்கினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பெருமையடித்துக்கொள்ள அவளையே கூப்பிட்டேன். குக்கர் விசிலை எண்ண வேண்டுமென்று வலது காதை விட்டுவிட்டு, ஹெட்போனை இடது காதில் மட்டும் அழுத்திப் பிடித்தாள். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றவள், நான் தடுப்பதற்குள் கையை நீட்டித் திருகினாள். திருகியது சத்தக் குமிழை. அடுத்த கணம் ஹெட்போனை வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காதுக்குள்ள கூவிக்கிட்டே இருக்குது. நிக்க மாட்டேங்குது."

திங்கட்கிழமையும் நிற்கவில்லை. செகந்திராபாத்தில் ஒரு காது டாக்டரிடம் போனோம். பரிசோதனைக்காக அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் அவள் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் வெளியே இயந்திரத்தின் முகப்பில் விளக்கு எரியும். அந்த முகப்பில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. சத்தக் குமிழ் தனியாக, பெரிதாக இருந்தது. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வலது காதுக்கு விளக்கு உடனுக்குடன் எரிந்தது. இடது காதுக்கு மாற்றினார்கள். பரிசோதிக்கும் பெண் குமிழை ஒரு படி கூட்டினாள். எரியவில்லை. இன்னொரு படி. அப்போதும் எரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் என் மனைவி பொத்தானில் விரலை வைத்தபடி, இடது காதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவரை நான் அப்படிப் பயந்ததில்லை.

கேட்கும் சக்தி சில வாரங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். மருந்துக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் என் திமிரால் வந்தது, மன்னித்துவிடு என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிச் சொன்னதில்லை. அவள் மருந்துக் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

"ஏதாச்சும் சொன்னீங்களா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."