சனிக்கிழமைத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை பருப்பு அடுப்பில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து செலின், மரியநாயகம் அண்ணையின் மனைவி. "அக்கா, அவரு போயிட்டாரு" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடிய அஞ்சே முக்காலுக்கு, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவராம், எழும்பவில்லையாம். நான் கொப்பியை எடுத்து நேரத்தை எழுதினேன். பிறகு பருப்பை இறக்கித் தாளித்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டார்கள். உப்பும் புளியும் சரியாகத்தான் இருந்தன.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் செலின்தான். "நீங்க தினமும் எழுதுறவங்கதானே" என்றார். நான் எழுதுவது கொப்பிக் கணக்கு: மழை பெய்த நாள், விரத நாள், மகளின் மருந்து, தண்ணீரின் அளவு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் நானாக வாசித்து எடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரியநாயகம் அண்ணையை உங்களில் பலர் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தவராகவும், உங்கள் வேதக் கோயிலில் பூசை முடிய வாங்குப் பலகைகளை நேராக்கிவிட்டுப் போகிறவராகவும் அறிவீர்கள். சனிக்கிழமைகளில் அவர் வெள்ளவத்தைப் பக்கத்தில் நாலைந்து வீடுகளின் நீச்சல் தடாகங்களைப் பராமரித்தவர். அந்த மரியநாயகத்தைத்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், லண்டனில் இருக்கும் ஒருவருடைய வீட்டின் பின்பகுதியில். பின்முற்றத்தில் சின்னத் தடாகம், மார்பளவு தண்ணீர். பராமரித்தால் பாவிக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பஸ் தரிப்பில் குண்டு வெடித்த நாளில் என் மகள் சுபாவின் தொடையெலும்பு நொறுங்கிப்போனது. தண்ணீருக்குள் தினமும் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் இறுகிவிடும் என்றார் டொக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார்: காலில் ஒட்டின தோல் மெல்லிசு, குளோரின் குறைந்த தண்ணீரில் இறக்கக்கூடாது, கிருமி பட்டால் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது. ஆகவே காலையில் அளவு சரியென்றால் சுபா இறங்குவாள். குறைந்தால் கதிரையில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணை முதல் நாள் வந்தபோது, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது அண்ணை" என்றேன்.

"கண்ணால பாத்துத் தண்ணிய நம்பாதீங்க அக்கா" என்றார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து நிறம் பார்க்கும் மருந்து ஐந்து துளி விட்டார். குளோரின் இருந்தால் நல்ல மஞ்சள் வரவேண்டிய இடத்தில் தேயிலை கழுவின நிறம்கூட வரவில்லை. அந்தக் குழாயையும் மருந்துப் போத்தலையும் என்னிடமே தந்து, காலையும் பின்னேரமும் பார்த்து எழுதச் சொன்னார்.

அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அண்ணை என்றேன். யார் மூப்பு என்று சுபா ஒருநாள் கேட்டாள். "அடையாள அட்டைய ரோட்டுல காட்டுறது போதாதா மகள், வீட்டுக்குள்ளயும் காட்டணுமா?" என்று சிரித்தார். கடைசி வரைக்கும் அது தீரவில்லை.

குளோரின் நிற்கவில்லை. போடுவார், ஏறும், பிறகு விழுந்துவிடும். பவுடர் பழசாகிச் சக்தி போய்விட்டதோ என்று வாளியில் குழாய்த் தண்ணீர் எடுத்துக் கரைத்துப் பார்த்தார், பவுடர் நல்லது. அடுத்த கிழமை வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். அதற்கடுத்த கிழமை இலை விழாமலிருக்க வேலியோர மாமரத்தின் கொப்பைத் தறித்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் என்ன என்று நான் அவசரப்பட்டேன். "ஒரு நேரத்துல ஒண்டத்தான் மாத்தணும் அக்கா. ரெண்ட மாத்தினா எது சரியாக்கினதுன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார். வெயில்தான் குளோரினைத் தின்னுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, "ராவுல வெயில் அடிக்குதா? பொழுதுபட்டதுக்கும் விடிஞ்சதுக்கும் நடுவுலதான் இங்க விழுது. தண்ணிக்குள்ள ஏதோ இருந்து திங்குது" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "தண்ணிக்குள்ள வேற ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்தக் கிழமை சுபா மூன்று நாள்தான் இறங்கினாள். முழங்கால் மடிக்கும்போது பல்லைக் கடித்தாள். நான் அண்ணையிடம் இரண்டு டின் பவுடராகக் கொண்டுவரச் சொன்னேன். "ஒரு டின்னுக்குத்தான் வீட்டுக்காரர் கடிதம் இருக்கு அக்கா. வெள்ளைப் பவுடர். வழியில மூணு சாவடியில ஆமிக்காரர் தொறக்கச் சொல்லுவாங்க" என்றார். "பிள்ளையின்ர காலைப் பாருங்கோ அண்ணை" என்றேன். அவர் பார்த்தார். "சரி, பாப்பம்" என்றார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. தமிழ்ப் பெயர், இரண்டு டின், ஒரு கடிதம். சோதனைச் சாவடியில் வெடிமருந்தோ என்று இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு இரவு வைத்திருந்தார்கள். செலின் இரண்டு நாளும் பொலிஸ் வாசலில் நின்றிருக்கிறார். வேலையிடத்துப் பெரியவர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது கைவிரல் இரண்டில் துணி சுற்றியிருந்தது. கையில் டின் இல்லை. "தண்ணி எப்படி இருக்கு?" என்றார். பிறகு, "உங்க கொப்பியக் குடுங்க" என்று கேட்டார்.

படியில் குந்தியிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். சுபா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிப்போனது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"சனிக்கிழமை விடியத்தான் அடியோட விழுது. ஒவ்வொரு சனியும். பெறகு ரெண்டு மூணு நாளு எழும்பாமக் கெடக்குது. வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்த வீட்டுல என்ன நடக்குது?"

"பூசை" என்றேன்.

"பூசை முடிஞ்சு?"

"பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த தீர்த்தத்தை..." அதோடு நான் தடாகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

தீர்த்தம் கால் படும் இடத்தில் சிந்தக்கூடாது. எங்கள் முற்றம் முழுக்கச் சீமெந்து. பூச்சாடியில் ஊற்றிப் பார்த்தேன். எறும்பு மொய்த்துச் செடி பட்டுப்போனது. முந்தி ஒழுங்கை முடிவில் கடலில் விடுவேன். ஒருநாள் அங்கே காவலுக்கு நின்றவன் என் பையைத் திறக்கச் சொல்லி, பூவைத் தடியால் கிண்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் போகவில்லை. வீட்டில் இருந்த ஒரே நீர்நிலை தடாகம்தான். பூவை வடித்தெடுத்துவிட்டு, வெள்ளி தோறும் அதற்குள் விட்டேன். அதை ஒரு பொருளைப் போடுவதாக நான் நினைக்கவே இல்லை. தீர்த்தம் எப்படி அழுக்காகும்?

"அதுல பாலும் இருக்கா?" என்றார்.

"ஒரு போத்தல் பாலும் இளநீரும் தேனும். கொஞ்சம் மஞ்சளும்."

"நல்ல சாப்பாடுதான். குளோரின் பாவம், ஒத்த ஆளா நிண்டு எவ்வளவத்தான் தாங்கும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மிதிக்கக்கூடாதுன்னுதானே இதுல ஊத்துறீங்க. சுபா இதுக்குள்ளதானே அக்கா நடக்குறா."

நானும் படியில் குந்திவிட்டேன். அவருடைய விரல்களில் சுற்றியிருந்த துணி எனக்கு நேரே இருந்தது.

தீர்த்தத்தை நிறுத்தச் சொல்லி அவர் சொல்லவில்லை. "மூடி இறுக்கமான போத்தல் ஒண்டுல ஊத்தி வைங்க, பூவையும் பையில போடுங்க. முகத்துவாரத்துல ஆறு கடல்ல விழுற எடத்துல விட்டுர்றேன், எனக்குக் கிட்டத்தானே" என்றார். மறிப்பார்களே என்றேன். சாவடியில் பையைத் திறக்க முதலே "தெய்யன்கே மல், மஹத்தயா" என்று சொல்வாராம். கடவுளின் பூ, ஐயா என்று அவர்களுடைய சிங்களத்தில் கேட்டதும் அவர்கள் பைக்குள் கைவைப்பதில்லையாம். ஜெபமாலை போட்ட மனுசன் பிள்ளையாரின் பூவோடு எல்லாச் சாவடியும் கடந்து போனார். மூன்று வருடம். ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பை எங்கள் வீட்டில் தங்கவில்லை.

தடாகத்தில் தீர்த்தம் விடாத முதல் சனிக்கிழமை காலை குழாயில் மஞ்சள் நின்றது. இரண்டாவது டின்னுக்குத் தேவையே இருக்கவில்லை.

நான் அதை அவரிடம் சொல்லப் பார்த்தேன், பல தடவை. "அண்ணை, அந்த ரெண்டாவது டின்" என்று தொடங்குவேன். "பிள்ளை இண்டைக்கு எத்தின தரம் நடந்தா?" என்று கேட்டுவிடுவார். எண்ணிக்கையைச் சொல்வேன். அவர் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கதை அதோடு முடிந்துவிடும்.

செத்தவீட்டுக்கு சுபாவும் வந்தாள். உங்கள் கோயில் வாசலில் படிகள் இருக்கின்றன, பிடிக்கக் கம்பி இல்லை. நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. இடது காலை வைத்து, வலது காலை மடித்து, ஒவ்வொன்றாக ஏறி உள்ளே போனாள். பெட்டிக்குப் பக்கத்திலிருந்த செலின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதானா அக்கா, அவரு சொல்ற பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். கண்ணீர் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

செலின், நீங்கள் பொலிஸ் வாசலில் நின்ற அந்த இரண்டு நாளும் என்னால் வந்தவை. டின்னைக் கேட்டது நான். தண்ணீரைக் கெடுத்ததும் நான். அவர் அது தெரிந்துகொண்டே எனக்கு அதைச் சொல்ல இடம் தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நடக்கும் ஒரு மகளும், அவர் முடிக்கவிடாத அந்த ஒரு வசனமும். வசனத்தை இங்கே உங்களிடம் முடித்திருக்கிறேன். மகள் இப்போது வெளியே தண்ணீருக்குள் நிற்கிறாள்.