துண்டு சுற்றிய தூக்குவாளி

“…கெட்டிருந்தா என் மூக்குக்குத் தெரியாதா? ஊரே உக்காந்து தின்ன சோறு இது. ஒருத்தருக்காவது வயிறு வலிச்சுதான்னு கேட்டுப் பாருங்க!”

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மதினி கேட்ட கேள்வி இது. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. உள்ளே அவளுடைய ஒரே மகளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. விடியுமுன்னே பிடித்த வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. “புள்ள அசையவே மாட்டேங்குதும்மா” என்று அவள் சொன்னதோடு மதினி வந்து வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் ராஜபாளையத்தில் எங்கள் வேதக்கோயிலில் அசனம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சபையார் எல்லாரும் அரிசியும் ஆடும் கொடுத்து, பெரிய அண்டாக்களில் சமைத்து, பாதிரி ஐயர் ஜெபம் பண்ணியதும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவது. வரமுடியாதவர்களுக்குப் பங்கு போகும். பிள்ளைத்தாச்சிக்கு முதல் பங்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அதுதான் வழக்கம். மதினி தான் சாப்பிடுமுன்னே மகளுக்கு வாங்கினாள். ஆவி பறக்கும் சோற்றைத் தூக்குவாளியில் அமுக்கி வைத்து, மேலே கறிக்குழம்பை ஊற்றி, மூடியை இறுக்கி, போதாதென்று பெரிய துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றினாள். “எம்புள்ள வாயில போகையில சூடு இருக்கணும்ட்டி” என்றாள். பச்சைப்பிள்ளையைத் துணியில் பொதிகிற மாதிரிதான் இருந்தது.

சாப்பாடு, பேச்சு, பாத்திரம் கழுவல் எல்லாம் முடித்து நாங்கள் பஸ் ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். “என்னத்தா, வாளிக்கு ஒரு டிக்கெட் போட்டுருவமா? டிரைவருக்கு ரோடு தெரிய மாட்டேங்குது, கறி வாசந்தான் தெரியுது.” பஸ்ஸே சிரித்தது. மதினிக்கு அன்றைக்கு அப்படி ஒரு பெருமை.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்தால் மகள் வீடு பூட்டியிருந்தது. மகளும் மாமியாரும் வன்னியம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி உள்ளே உட்கார்ந்தோம். “மதினி, பிரிட்ஜில வைப்பமா?” என்று கேட்டேன். “போடி கோட்டிக்காரி! குழம்பு மெழுகா ஒறைஞ்சு போகும். ஜெபம் பண்ணின சோறு ஒண்ணும் ஆகாது” என்றாள். வாளியை அடுப்படி மேடையில் வைத்து, அவிழ்ந்திருந்த துண்டை இன்னொரு தடவை இறுக்கினாள்.

விளக்கு வைத்த பிறகுதான் மகள் வந்தாள். “வயித்துல எடமில்லம்மா, நாளைக்குத் திங்கேன்” என்றாள். மதினி கேட்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒரு சட்டியில் கொஞ்சம் எடுத்துச் சுட வைத்தாள். “கொதிக்கிற சட்டியில எந்தக் கிருமிட்டி குத்தவச்சு உக்காந்திருக்கும்?” உருண்டை பிடித்து ஊட்டிவிட்டாள். மகளும் அம்மா கைச்சோறு என்று வாங்கிக்கொண்டே இருந்தாள்.

மதினியின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் திரியப்போவதை அடுப்பில் வைக்குமுன்னே சொல்லிவிடுவாள். தெருவில் யார் வீட்டுக் குழம்பில் சந்தேகம் வந்தாலும் கிண்ணம் எங்கள் வாசலுக்கு வரும். “மனுசன் பொய் சொல்லுவான், மூக்கு சொல்லாது” என்பது அவளுடைய சொலவடை. அந்த மூக்கு அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சாப்பிட்டதில் மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். மகளின் மாமியார் துண்டும் வாளியுமாக அப்படியே எடுத்து வந்தார். டாக்டரம்மா மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. துண்டைத்தான் பார்த்தார்கள். “கொதிக்கக் கொதிக்க இருந்தா பயமில்ல. நல்லா சில்லுன்னு இருந்தா கிருமி சீக்கிரம் பெருகாது. ரெண்டுங்கெட்டான் வெதுவெதுப்புலதான் மளமளன்னு பெருகும். நீங்க துண்டைச் சுத்தி அந்த வெதுவெதுப்பைத்தான் காப்பாத்தி வச்சிருக்கீங்க. எல்லாக் கிருமியும் வாடை காட்டாது. சில கிருமி விட்டுட்டுப் போற விஷம் திரும்பச் சுட வச்சாலும் போகாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஊரார் அண்டாவிலிருந்து சுடச்சுடத் தின்றார்கள். இந்த வாளி மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை காத்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த மாமியார் கெட்டவர் அல்ல. பயத்தில் வாய் முந்திவிட்டது. “வயித்துப்புள்ளக்காரிக்கு ஊசிப்போனதையா கொண்டாந்து ஊட்டுவாக?” என்று கேட்டுவிட்டார். அதற்குத்தான் மதினி அந்த மூக்குக் கேள்வியைக் கேட்டாள்.

பிள்ளை பிழைத்தது. இன்று அவள் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் அப்படியே அவள் அம்மாவைப் பெற்ற ஆச்சி மாதிரி. ஆனால் மதினி எதைச் செய்து கொண்டுபோனாலும் மகள், “இப்பத்தாம்மா சாப்பிட்டேன், வச்சிட்டுப் போங்க” என்பாள். குரலில் கோபமே இருக்காது. மதினியும் வற்புறுத்துவதில்லை. அந்தத் தூக்குவாளி இப்போது மகள் வீட்டு மாடியில் துணிக் கிளிப் போட்டுவைக்க ஆகியிருக்கிறது. தெருக் கிண்ணங்களும் வருவதில்லை. யாராவது மறந்துபோய் நீட்டினால், “எனக்கு என்னத்தத் தெரியும், கொட்டிருங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அன்றைக்கு வராந்தாவில் அவள் வீம்புக்குச் சண்டை போடுகிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கெட்டிருந்தால் என் மூக்குக்குத் தெரியாதா என்று அவள் சம்பந்தியைக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உள்ளே கதவு சாத்தியிருந்தது, பிள்ளையின் துடிப்பு கேட்டதா இல்லையா என்று இன்னும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. மதினி துண்டை மெதுவாக அவிழ்த்தாள். மூடியைத் திறந்து குனிந்து, ஒரு தடவை ஆழமாக முகர்ந்தாள். பிறகு, நான் கையைப் பிடிப்பதற்குள், ஒரு பிடிச் சோற்றை அள்ளி வாயில் போட்டு விழுங்கினாள்.