செலவு விட்ட கம்பெனி

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற மெயின் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவி பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனியின் கேட்டைப் பார்த்தபடி என் இட்லிக் கடை இருந்தது. நான் யாரையும் கூவி அழைத்ததில்லை. ஷிப்ட் விட்டால் அவர்களே வருவார்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர், தினமும் என் சட்னியைக் குறை சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்பார். என் மகனுக்கு வேலை கேட்டபோது, "எக்ஸ்பீரியன்ஸ் கீதா?" என்று கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு காலையில் கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் தெலுங்கில் 'செலவு' என்றான். தெலுங்கில் அது லீவு. மறுநாளைக்கும் அரிசி ஊறப்போட்டேன். மறுநாளும் செலவு. என் மருமகள் வேலூர்க்காரி, தமிழ்ச் செலவு மட்டும்தான் தெரியும்.

"கம்பெனிக்கு அப்படி இன்னா செலவு அத்தே?" என்றாள். சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, கம்பெனி நஷ்டத்தில் முழுகி மொத்தமாக விடைபெற்றுவிட்டது. அதற்கும் தெலுங்கில் செலவுதான். மருமகள் கேட்டதுதான் சரியான கேள்வி.

வேலை போனவர்கள் வீட்டில் உட்காருவார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேரும் கேட்டைப் பார்த்துத் தள்ளுவண்டி போட்டார்கள். ஃபிட்டர் தோசை, எலக்ட்ரீஷியன் வடை, என் பக்கத்திலேயே சூப்பர்வைசர் பொங்கல். கேட் திறந்தால் கூட்டம் வரும் என்று நம்பிக்கை. சாப்பிட வேண்டிய ஆட்களே கரண்டி பிடித்து நிற்பது யாருக்கும் உறைக்கவில்லை. சூப்பர்வைசர் என் இட்லியைச் சாப்பிடுவார், மரியாதைக்கு நான் அவர் பொங்கலைச் சாப்பிடுவேன். வயிறு கேட்கவில்லை, மரியாதையைக் குறைத்துக்கொண்டேன்.

இப்படியே போனால் என் கடையையும் மூடவேண்டியதுதான் என்றிருந்தபோது, பின்பக்கத் தட்டியை யாரோ தட்டினார்கள். திருப்பதி மலைக்கு நடந்து போகிறவர்கள்.

"துன்ன எதுனா கீதாம்மா?"

இத்தனை வருஷமும் கோவிந்தா போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால்தான் போயிருக்கிறார்கள். அன்றே மகனை விட்டுத் தட்டியைப் பிரித்து, கடையை ரோட்டுப் பக்கம் திருப்பினேன். கேட் திறந்தால் என்ன செய்வாய் என்று வண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள். மறுபடி திருப்பிக்கொள்கிறேன், கடைக்குக் கழுத்தா சுளுக்கப்போகிறது என்றேன்.

புரட்டாசியில் எங்களுக்குக் கை போதவில்லை. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"பெத்தம்மா, எதுனா வேலை கீதா?"

இட்லித் தட்டை இறக்கிவைத்து, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"எக்ஸ்பீரியன்ஸ் கீதா நைனா?"

அவர் தன் பொங்கல் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். அடுப்பாண்ட வராதே. சட்னி ஊத்து."

இப்போது யாராவது இன்னொரு கரண்டி கேட்டால் அவர்தான் முறைக்கிறார்.