சார்ஜாகும் நேரம்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வாட்டில், மத்தியானப் பார்வை நேரத்தில். காலையில் அவளைக் கொண்டுபோன அவசரத்தில் ஒரு பற்றரியைச் சார்ஜரில் கொழுவியபடியே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “முதல்ல போய் அதைக் கழட்டுங்கோ. நான் எங்கை ஓடப்போறன்?” என்றாள். போனேன். பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோதே வாட்டிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது.

றிமோட் விமானங்களைத் திருத்துவதும் அவற்றின் பற்றரிகளைப் பார்ப்பதும் என் வேலை. யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துப் பழகியது. பறக்கவிடுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மேலே போய் விழுகிற விமானத்தைவிட, வீட்டில் சார்ஜாகும்போது தீப்பிடிக்கக்கூடிய பற்றரிக்குத்தான் நாங்கள் கூடப் பயப்படுகிறோம். சார்ஜ் ஏறி முடியும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். அந்த விதியை நான் அன்று ஒருநாள்தான் மீறினேன்.

வயிறு ஊதியது

கொடிகாமம் மரக்கறி வியாபாரி ஒருவர், ஊதிப்போன பற்றரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முழுச் சார்ஜோடு மாதக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்ததாம். கையில் ஒரு ஊசியும் வைத்திருந்தார். குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரிவரும் என்று நினைத்திருக்கிறார். ஊசியை வாங்கி வைத்துவிட்டு, பற்றரியை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். கார் பல்பு ஒன்றைக் கொழுவி மிச்சக் கரண்டை மெல்ல மெல்ல இறக்கினேன். அவர் தள்ளி நின்று கடைசிவரை பார்த்தார்.

“அண்ணை, மாட்டுக்கு வயிறு ஊதினாக்கூட நாங்கள் இவ்வளவு பாக்கிறேல்லை.”

மாமர நிழல்

டென்மார்க்கிலிருந்து லீவில் வந்தவர் பற்றரிகளைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டு, தான் மாமரத்தடியில் நின்றார். “உங்களுக்கு நிழல், அதுகளுக்கு வெயிலோ?” என்று கேட்டேன்.

“நான் குளிர் நாட்டிலயிருந்து வந்தனான் அண்ணை. அதுகள் சைனாவிலயிருந்துதானே, தாங்கும்.”

மீன்சட்டி

நெல்லியடியில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரின் விமானம் அறுவடை முடிந்த வயலில் மூக்குக் குத்தி விழுந்தது. பற்றரியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. “அதுக்கொண்டும் இல்லை” என்றார் மாஸ்டர். அதை நம்பிச் சார்ஜில் போட்டது என் பிழை. மண் போட்ட சட்டிக்குள் வைத்துவிட்டு வயர் ஒட்டுகிற ஈயம் வாங்கக் கடைக்குப் போனேன். அப்போதெல்லாம் நான் வெளியே போனால் என் மனைவிதான் காவல். முருங்கையிலை உருவிக்கொண்டு பக்கத்தில் இருப்பாள்.

திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை. சட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. வாளி மண் முழுவதையும் நெருப்பின் மேல் கொட்டிவிட்டு அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். வாசல் படலைக்கு வெளியே நின்ற மாஸ்டரிடம் சொன்னாள்:

“மாஸ்டர், உங்கடை பிளேன் விழுந்தது வயலிலை. போனது என்ரை மீன்சட்டி.”

இரண்டாவது ஆள்

அவள் போனபின், பற்றரி சார்ஜாகும் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தனியே இருந்து கழிக்க என்னால் முடியவில்லை. சார்ஜ் முடிந்து சார்ஜர் ‘கீக்’ என்று கத்தினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் போல இருக்கும். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பிறகு புது விதி ஒன்று போட்டேன்: பற்றரியின் சொந்தக்காரரும் கூட இருக்கவேண்டும். பாதுகாப்புக்கு என்று சொன்னேன்.

பண்டத்தரிப்பிலிருந்து வருகிற வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், என் வயதுதான், சிரித்தார். “ரெண்டு பேர் என்னத்துக்கு? தீப்பிடிச்சா ஆளுக்கொரு பக்கம் ஓடவோ?” பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். பம்ப் போட்டுத் தண்ணீர் இறைக்கப் போகவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். கடைசியில் சார்ஜர் கத்தியது. நான் எழும்பிப் படலைவரை போய்விட்டேன் என்பது அவர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. தன் பற்றரியைத் தானே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

“வந்து இருங்கோ அண்ணை. உங்கடை ஒண்டையும் கொழுவுங்கோ. நான் இருக்கிறன்.”

இப்போது இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது வேலை செய்கிற பற்றரி ஒன்பது, சார்ஜர் ஒன்று, எழும்பிப் போக அவசரமில்லாத நான் ஒருவன்.